தொலைபேசி அழைப்பின் மறுமுனை



நெடுங்கேணிப் பக்கத்து வயலொன்றில் இரவுக் காவலுக்குச் சென்ற கமக்காரர் ஒருவரைப் பாம்பு தீண்டிவிட்டதென்று வைத்துக்கொள்வோம். உடனிருப்பவர் கைத்தொலைபேசியில் 1990 என்ற எண்ணை அழுத்துகிறார். இந்திய அரசின் நன்கொடையுடன் 2016ஆம் ஆண்டில் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பிக்கப்பெற்ற சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை, 2018 யூலையில் வட மாகாணத்துக்கும் விரிக்கப்பெற்றது. வயலிலிருந்து எழும் குரல் வன்னிக் காடுகளைக் கடந்து, கொழும்பை அடுத்துள்ள அழைப்பு நிலையத்தைச் சென்றடைகின்றது. மறுமுனையில் அக்குரலை ஏற்கும் கணினி அந்தக் கணத்தில் பழுதுற்றுக் கிடந்தால் என்னாகும்?

இத்தகைய நிலையம் எதுவாயினும், ஒரே கணினியை நம்பி நடத்துதல் தகாது. அழைப்புகளை ஏற்கும் கணினிகளை வழங்கிகள் என்போம். அவை பலவாக இருக்க, அவற்றின் முன்னே பங்கீட்டுக் கணினியொன்று அமர்ந்திருக்கும். குளத்து மதகடியில் நின்று எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு நீர் என்று முறைவைத்து விடுபவரின் வேலைதான் அதற்கு. சில விநாடிகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வழங்கியையும் அது நலம் விசாரிக்கும். மறுமொழி வராத வழங்கிக்குப் புதிய அழைப்பை அனுப்பாது.

இங்கே கணக்கொன்று உண்டு. நூறு அழைப்புகளைத் தாங்கவல்ல வழங்கிகள் இரண்டு உள்ளன. ஒவ்வொன்றும் எண்பதைச் சுமக்கின்றது எனக் கொள்க. ஒன்று வீழ்ந்தால் நூற்றறுபதும் மற்றதன் தலையில் விழும், அதுவும் வீழும். ஆகவே இரண்டே உள்ளவிடத்து ஒவ்வொன்றுக்கும் ஐம்பதுக்கு மேல் சுமத்தலாகாது. பாதி வலிமை சும்மா கிடப்பதாகக் கணக்காளர் முறையிடுவர். அது சும்மா கிடப்பதன்று. எத்தனை அழைப்புகளுக்கு எத்தனை இணைப்புகள் வேண்டுமென்பதை டென்மார்க் அறிஞர் ஏர்லாங் 1917ஆம் ஆண்டிலேயே சூத்திரமாக வகுத்துத் தந்தார். இன்றும் அதுவே வழிகாட்டி.

பங்கீட்டுக் கணினியே பழுதுற்றால்? அதற்கும் இணையொன்று காத்திருக்கும். முதலாவது வாய்மூடியதும் அதன் முகவரியை இரண்டாவது தனதாக்கிக்கொள்ளும். ஆயினும் இரண்டுக்கும் இடையிலுள்ள கம்பி மட்டும் அறுந்துபோனால், மற்றது மாண்டதென்று ஒவ்வொன்றும் எண்ணி, இரண்டுமே உரிமை கொண்டாடும். ஒரே காணிக்கு இருவர் உறுதியோடு வந்து நிற்கும் வழக்கு நம்மவர்க்குப் புதிதன்று. எனவே மூன்றாவது கணினியொன்றைச் சாட்சியாக வைத்து, பெரும்பான்மை எப்பக்கமோ அப்பக்கமே ஆளட்டும் என விதிப்பர்.

எண்ணிக்கை மட்டும் காப்பாகாது. 1990 சனவரி 15இல் அமெரிக்காவின் ஏ.டி.அண்ட்.டி. நிறுவனத்தின் 114 பரிவர்த்தனை நிலையங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுமாறின. ஏறக்குறைய ஒன்பது மணிநேரம் நெடுந்தூர அழைப்புகள் பெருமளவில் தடைப்பட்டன. எல்லாவற்றிலும் ஒரே நிரல், அந்நிரலில் ஒரே பிழை. நியூயோர்க்கில் ஒன்று தன்னைச் சீர்செய்துகொண்டு மீண்ட செய்தியே மற்றவற்றைக் கவிழ்த்தது. ஒரே மின்னிணைப்பில் மாட்டிய இரு வழங்கிகளும், ஒரே அறையில் வைத்த இரண்டும் இவ்வகையினவே. ஆதலால் ஒன்றைக் கொழும்பிலும் மற்றதைத் தொலைவான வேறொரு நகரிலும் வைப்பது நன்று. அழைப்புக் குறைந்த நேரம் பார்த்து ஒன்றை வேண்டுமென்றே நிறுத்தி, மற்றது பொறுப்பேற்கின்றதா என்று ஒத்திகை பார்த்தலும் வேண்டும்; ஒருபோதும் சோதிக்காத மாற்றை நான் மாற்றென்றே எண்ணேன்.

மறுமுனையில் இவ்வளவு செய்தாலும், இம்முனையில் ஊர்க் கோபுரத்தின் மின்கலம் தீர்ந்துவிட்டால் அழைப்பு புறப்படாது. புயல் நாளில் மின்சாரம் அற்றபின் அக்கோபுரம் சில மணிநேரமே தாங்கும். பின்னர் மின்பிறப்பாக்கி வரவேண்டும், அதற்கு எரிபொருளும் பாதையும் வேண்டும்.

இன்னுமொன்று. வழங்கி வீழும்போது அடுத்த அழைப்பு வேறு வழி செல்லுமேயன்றி, அதன்மீது நடந்துகொண்டிருந்த உரையாடல் பெரும்பாலும் அறுந்தே போகும். ஆகையால் அழைப்பவர் ஊரின் பெயரையும் அருகிலுள்ள பாடசாலை அல்லது கோவிலின் பெயரையும் முதலிற் சொல்லிவிட்டு, நோயாளியின் நிலையைப் பின்னர் விவரிக்கலாம்; இணைப்பு அறுந்தால் உடனே மறுபடியும் அதே எண்ணை அழுத்தலாம்.