ஜெராக்ஸ் மெஷினில் மிஞ்சும் மாவு

தாலுகா ஆபீஸ் வேலையாக மதுராந்தகம் போகிற வேடந்தாங்கல்காரர் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். ஆதார், நிலப் பத்திரம், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம் எல்லாம் அதற்குள். ஒவ்வொன்றிலும் இரண்டு ஜெராக்ஸ் வேண்டும். கிழக்கே மாமல்லபுரத்தில் லாட்ஜில் ரூம் போட்டாலும் அடையாள அட்டையின் நகல் கேட்பார்கள். வெளிநாட்டுப் பயணி என்றால் பாஸ்போர்ட், விசா. காப்பி எடுத்ததும் ஒரிஜினலை மறக்காமல் எண்ணி வாங்கிக்கொள்கிறோம். மெஷின் தனக்கென்று ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டதா என்று யாரும் கேட்பதில்லை.

அதைத் தெரிந்துகொள்ள எளிய சோதனை உண்டு. ஒரே தாளில் இருபது காப்பி கேளுங்கள். கண்ணாடிக்கு அடியில் வெளிச்சம் எத்தனை தடவை ஓடுகிறது என்று பாருங்கள். பழைய அனலாக் மெஷினில் இருபது தடவை ஓடும். இன்றைய மெஷினில் ஒரே தடவைதான். மீதிப் பத்தொன்பது காப்பி எங்கிருந்து வருகிறது?

ஒரு தடவை அரைத்து, பல ஈடு ஊற்றி

நம் வீட்டில் இட்லி எப்படி வருகிறதோ அப்படித்தான். ஒவ்வொரு இட்லிக்கும் தனித்தனியாக யாரும் அரிசி அரைப்பதில்லை. ஒரு தடவை அரைத்து, மாவைக் குண்டானில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, வேண்டும்போது ஈடு ஈடாக எடுக்கிறோம்.

டிஜிட்டல் மெஷினில் அரைக்கிற வேலையைச் செய்வது ஸ்கேனர். வெளிச்சம் தாளின் மேல் ஓடும்போது சென்சார் அதைப் புள்ளி புள்ளியாகப் படிக்கிறது. அங்குலத்துக்கு 600 புள்ளி என்று வைத்தால் ஒரு ஏ4 தாள் ஏறத்தாழ மூன்றரைக் கோடி புள்ளிகளாக மாறும். அதுதான் மாவு. லேசர் அந்தப் புள்ளிகளை டிரம்மின் மேல் வரைய, டோனர் தூள் அதில் ஒட்டி, தாளுக்கு மாறி, சூட்டில் பதிந்து வெளியே வருவது இட்லி.

மாவு ஊற்றி வைக்கும் குண்டான்? அதில்தான் விஷயம் இருக்கிறது. மேஜை மேல் வைக்கும் சின்ன பிரிண்டர்கள் பலவற்றில் தற்காலிக நினைவகம் மட்டும் உண்டு. சுவிட்சை அணைத்தால் காலி. தரையில் நிற்கிற பெரிய மெஷின்களில் — காப்பி, பிரிண்ட், ஸ்கேன், ஃபேக்ஸ் நான்கையும் செய்கிறவை — பெரும்பாலும் கம்ப்யூட்டரில் இருப்பது போலவே ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கும். பக்கக் கட்டுகளை வரிசைப்படுத்த, பல பேர் அனுப்பும் பிரிண்டுகளைக் காத்திருக்க வைக்க, அடிக்கடி தேவைப்படும் படிவங்களைச் சேமிக்க அது வேண்டும். கரண்டு போனாலும் அதில் இருப்பது அழியாது.

கழுவாத குண்டான்

வேலை முடிந்ததும் மெஷின் அந்த ஃபைலை அழித்துவிடாதா? அழிக்கும், ஆனால் பல மெஷின்கள் பட்டியலிலிருந்து பெயரை மட்டும்தான் எடுக்கும். ‘மாவு தீர்ந்துபோச்சு’ என்று சொல்லிவிட்டுக் குண்டானைக் கழுவாமல் வைத்திருப்பது போல. அடுத்த மாவு அதே இடத்தில் ஊற்றப்படும் வரை பழையது ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். வழிக்கத் தெரிந்தவர் வழித்து எடுத்துவிடுவார். அதற்கான மென்பொருள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்வரை ஆபத்து குறைவு. யாரும் அதைத் திறந்து டிஸ்கைக் கழற்றப்போவதில்லை. மெஷின் கைமாறும் நாள்தான் ஆபத்தான நாள். ஃப்ரிட்ஜை விற்கிறோம், உள்ளே குண்டானோடு.

2010 ஏப்ரலில் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி இதைச் செய்தே காட்டியது. நியூஜெர்சி கிடங்கு ஒன்றில் பழைய மெஷின்கள் நான்கை, ஒன்று சுமார் 300 டாலர் என்று வாங்கி, டிஸ்குகளைக் கழற்றிப் படித்தார்கள். பஃபலோ நகரக் காவல் துறையின் பாலியல் குற்றப் பிரிவு ஆவணங்கள், போதைப்பொருள் சோதனைக்குக் குறிக்கப்பட்டவர்களின் பட்டியல், ஒரு கட்டுமான நிறுவனத்தின் சம்பளச் சீட்டுகள் எல்லாம் வந்தன. நான்காவது மெஷினில் ‘அஃபினிட்டி ஹெல்த் பிளான்’ என்ற காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவக் குறிப்புகள். 3,44,579 பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அந்த நிறுவனமே கணக்கிட்டது. 2013-ல் அமெரிக்க அரசுக்கு 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டியது.

அதே கிடங்கிலிருந்து பழைய மெஷின்கள் அர்ஜென்டினாவுக்கும் சிங்கப்பூருக்கும் கன்டெய்னரில் கிளம்பிக்கொண்டிருந்தன. இந்தியாவுக்கும் இப்படி வருகின்றன. பயன்படுத்திய மெஷின்களை அனுமதி இல்லாமல் இறக்குமதி செய்த வழக்கு 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வரை போனது. உள்ளூரில் கைமாறுவது தனி: ஆபீஸ் லீஸ் முடிந்து திரும்பும் மெஷின், ஏலத்தில் போகும் மெஷின், எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் மெஷின்.

தேய்த்துக் கழுவும் வழி

வழி மூன்று. முதலாவது, டிஸ்க் முழுவதும் வேறு தரவை எழுதி மூடுவது. பல மெஷின்களின் நிர்வாக மெனுவிலேயே இந்த வசதி உண்டு. சர்வீஸ்காரரிடம் கேட்டால் காட்டுவார். இரண்டாவது, வாங்கிய நாளிலேயே என்கிரிப்ஷனை, அதாவது தரவைச் சாவி போட்டுப் பூட்டி எழுதும் வசதியை, இயக்கி வைப்பது. விற்கும்போது அதன் சாவியை அழித்தால் டிஸ்கில் இருப்பது வெறும் குப்பை. மூன்றாவது, டிஸ்கைக் கழற்றி உடைப்பது. டிஸ்க் இல்லாமல் சில மெஷின்கள் இயங்காது. வாங்குபவர் புது டிஸ்க் போட்டுக்கொள்ள வேண்டும், விலையில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

டிஸ்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. இருக்கும் புது மெஷின்களில் முதல் வழியை முழுதாக நம்ப முடியாது. அதே குண்டானில் ஊற்றச் சொன்னால் எஸ்.எஸ்.டி. வேறு குண்டானில் ஊற்றிக்கொள்ளும். அங்கே என்கிரிப்ஷன்தான் துணை.

காப்பி கொடுக்கிற நம் பங்கும் உண்டு. ஜெராக்ஸின் குறுக்கே ‘இன்ன வேலைக்கு மட்டும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். நல்ல பழக்கம்தான், ஆனால் அது காக்கிறது தாளை மட்டும். மெஷினுக்குள் போனது எழுத்து விழுவதற்கு முந்தைய சுத்தமான படம். அதனால் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற ‘மாஸ்க்டு ஆதார்’ ஏற்கப்படும் இடத்தில் அதையே கொடுங்கள். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் இப்படித்தான் சொன்னது; சலசலப்பு எழுந்ததும் இரண்டே நாளில் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. மாஸ்க்டு ஆதாரைத் தரவிறக்கும் வசதி அப்படியேதான் இருக்கிறது.

2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தக்க பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன; முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு. பள்ளியோ லாட்ஜோ ஜெராக்ஸ் கடையோ, பழைய மெஷினைக் கொடுப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. விலை பேசும்போதே டிஸ்கைப் பற்றியும் பேசுங்கள். அழித்துக் கொடுத்தவரிடம் அதற்கு ஒரு வரி எழுதி வாங்குங்கள். அந்த மெஷினில் இருப்பது கடைக்காரரின் தகவல் அல்ல, அவரை நம்பித் தாளை நீட்டிய ஊர்க்காரர்களின் தகவல்.