துணி அலசும் திரவத்துக்குக் காப்புரிமை கிடைக்குமா? 'இது யாருக்கும் தோணுமே' என்று ஆய்வாளர் சொன்னால் என்ன ஆகும்?

கையில் துணி துவைக்கும் வீடுகளில், துவைப்பதைவிட அலசுவதற்குத்தான் தண்ணீர் அதிகம் செலவாகிறது. வாளியில் நுரை தெரியும்வரை 'இன்னும் சோப்பு போகல' என்று மறுபடி ஒரு வாளி தண்ணீர் பிடிக்கிறோம். மூன்று, நான்கு முறை அலசுவது சாதாரணம்.

இந்த நுரையைச் சட்டென்று அடக்கி, ஒரே அலசலில் வேலையை முடித்துவிடும் திரவம் ஒன்று இருந்தால்? குடத்தில் தண்ணீர் சுமக்கும் வீட்டுக்கு அது பெரிய உதவி. அதைத் தயாரிக்கும் நிறுவனத்துக்கோ பெரிய சந்தை. அதனால்தான் துணி அலசும் திரவங்களுக்குக் காப்புரிமை கேட்டு நிறுவனங்கள் விண்ணப்பிக்கின்றன.

ஆனால் அந்தத் திரவத்தில் இருப்பவை பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்த பொருள்கள். தெரிந்த பொருள்களைக் கலந்து வைத்துவிட்டு, 20 ஆண்டுகளுக்கு வேறு யாரும் தயாரிக்கக் கூடாது என்று கேட்க முடியுமா?

அலசும் திரவத்துல அப்படி என்னதான் இருக்கு?

சலவைத் தூளில் அழுக்கை எடுக்கும் பொருள்களில் பெரும்பாலானவை எதிர்மின் தன்மை கொண்டவை. நுரை வருவதும் இவற்றால்தான். நுரையை அடக்கப் பல வழிகள் வேதியியலில் வெகு காலமாகத் தெரிந்தவை.

ஒன்று, சிலிக்கோன் எண்ணெய் சார்ந்த நுரையடக்கி. மிகச் சிறிய அளவு சேர்த்தாலே நுரைக் குமிழ்களின் சவ்வை உடைத்துவிடும். இரண்டு, சிட்ரிக் அமிலம் போன்ற மென்மையான அமிலம். தண்ணீரில் மிச்சமிருக்கும் காரத்தன்மையைக் குறைக்கும். சோப்பைக் கொழுப்பு அமிலமாக மாற்றிவிடும். மூன்று, துணியை மென்மையாக்கும் நேர்மின் தன்மை கொண்ட பொருள்கள். இவை எதிர்மின் தன்மை கொண்ட சலவைப் பொருளோடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றை ஒன்று செயலிழக்கச் செய்யும். துணி கண்டிஷனரைக் கடைசி அலசலில் மட்டும் ஊற்றச் சொல்வது இதனால்தான்.

ஆக, பொருள்கள் பழையவை. கலவை மட்டும்தான் புதிது.

காப்புரிமைக்கு மூணு கேள்வி

இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970 ஒரு கண்டுபிடிப்பிடம் மூன்று கேள்விகளைக் கேட்கிறது. இது புதியதா? தொழிலில் பயன்படுமா? இதில் 'கண்டுபிடிப்புப் படி' இருக்கிறதா?

முதல் இரண்டையும் தாண்டுவது ஓரளவு சுலபம். அதே பொருள்கள், அதே அளவில், ஒரே ஆவணத்தில் முன்பு சொல்லப்படவில்லை என்றால் 'புதியது' என்ற தேர்வில் தேறிவிடலாம். சிக்கல் மூன்றாவதில். சட்டத்தின் 2(1)(ஜேஏ) பிரிவு இரண்டு விஷயங்களைக் கேட்கிறது. ஏற்கெனவே உள்ள அறிவோடு ஒப்பிட்டால் தொழில்நுட்ப முன்னேற்றமோ, பொருளாதார முக்கியத்துவமோ இருக்க வேண்டும். அதோடு, அந்தத் துறையில் தேர்ந்த ஒருவருக்கு அது வெளிப்படையாகத் தோன்றக் கூடியதாக இருக்கக் கூடாது.

'துறையில் தேர்ந்தவர்' என்பது சட்டம் கற்பனை செய்துகொள்ளும் ஒரு நபர். சலவைப் பொருள் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அனுபவசாலி என்று வைத்துக்கொள்ளலாம். துறையில் வெளியானதெல்லாம் அவருக்குத் தெரியும். வழக்கமான சோதனைகளைச் செய்யத் தெரியும். மேதை மட்டும் கிடையாது.

இதோடு 3(இ) பிரிவும் குறுக்கே நிற்கும். பொருள்களை வெறுமனே கலந்து, அவற்றின் குணங்கள் கூட்டலாக மட்டும் கிடைத்தால் அது கண்டுபிடிப்பே அல்ல என்கிறது அந்தப் பிரிவு.

விண்ணப்பம் போனதும் என்ன நடக்கும்?

கொல்கத்தா, டெல்லி, மும்பை, சென்னை ஆகிய நான்கு இடங்களில் காப்புரிமை அலுவலகங்கள் உள்ளன. விண்ணப்பம் பொதுவாக 18 மாதங்களுக்குப் பிறகு வெளியிடப்படும். ஆனால் அது தானாக ஆய்வுக்குப் போகாது. ஆய்வு செய்யும்படி தனியாகக் கேட்க வேண்டும். இதற்கான கெடு முன்பு 48 மாதங்களாக இருந்தது. 2024 மார்ச்சில் வந்த விதித் திருத்தம் அதை 31 மாதங்களாகக் குறைத்தது.

ஆய்வாளர் பழைய காப்புரிமைகளையும் ஆய்வுக் கட்டுரைகளையும் தேடிப் பார்த்து 'முதல் ஆய்வு அறிக்கை' தயாரிப்பார். அதில் உள்ள ஆட்சேபங்களுக்கு விண்ணப்பதாரர் 6 மாதங்களுக்குள் பதில் தர வேண்டும். கேட்டால் இன்னும் 3 மாதங்கள் கிடைக்கும். பதில் திருப்தி தராவிட்டால் விசாரணை நடத்தி, கன்ட்ரோலர் முடிவெடுப்பார்.

ஆய்வாளர் எப்படி யோசிப்பார்?

ஒரு கற்பனை விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். சிலிக்கோன் நுரையடக்கியும் சிட்ரிக் அமிலமும் கலந்த அலசும் திரவம் அது. ஆய்வாளர் கையில் இரண்டு பழைய ஆவணங்கள் சிக்குகின்றன. ஒன்று, அலசும் தண்ணீரில் சிலிக்கோன் சேர்த்தால் நுரை குறையும் என்கிறது. மற்றொன்று, அமிலம் சேர்த்தாலும் நுரை குறையும் என்கிறது.

'ரெண்டும் ஒரே வேலையைத்தான் செய்யுது. ரெண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்னு யாருக்கும் தோணுமே!' என்பதுதான் ஆய்வாளரின் ஆட்சேபமாக இருக்கும்.

இந்த வாதம் புதிதல்ல. அமெரிக்காவில் 1980-இல் தீர்ப்பான கெர்க்கோவன் வழக்கே சலவைப் பொருள் பற்றியதுதான். வழக்கமான இரண்டு சலவைத் தூள்களை ஒன்றாகக் கலக்கும் முறைக்குக் காப்புரிமை கேட்டார்கள். ஒரே பயன் கொண்ட இரண்டு பொருள்களை அதே பயனுக்காகச் சேர்ப்பது, முதல் பார்வையிலேயே வெளிப்படையானது என்றது நீதிமன்றம்.

இந்தியாவில் இதற்கு அடித்தளம் போட்டது ஒரு பாத்திர வழக்கு. பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் - ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில், லேத்தில் பாத்திரத்தைப் பிடித்துவைக்கும் ஒரு கருவிக்கு வழங்கப்பட்ட காப்புரிமையை 1978-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பட்டறையில் வழக்கமாகச் செய்யும் மேம்பாடு போதாது; தெரிந்தவற்றைச் சேர்த்தால் புதிய பலனோ, மேலான அல்லது மலிவான பொருளோ கிடைக்க வேண்டும்; அதில் கண்டுபிடிக்கும் திறனும் தெரிய வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

நிறுவனம் என்ன பதில் சொல்லும்?

கூட்டுவிளைவுதான் முக்கிய ஆயுதம். அதாவது ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் இரண்டுக்கு மேல் வருகிறது என்று காட்டுவது.

உதாரணத்துக்கு, நுரை 10 சென்டிமீட்டர் உயரம் இருக்கிறது என்போம். சிலிக்கோன் மட்டும் சேர்த்தால் 4 செ.மீ. குறைகிறது. அமிலம் மட்டும் சேர்த்தால் 1 செ.மீ. குறைகிறது. இரண்டும் சேர்ந்து 5 செ.மீ. குறைத்தால் அது வெறும் கூட்டல். 3(இ) பிரிவில் மாட்டிக்கொள்ளும். ஆனால் 9 செ.மீ. குறைத்தால்? தேர்ந்தவர்கூட எதிர்பார்த்திருக்க மாட்டார். விண்ணப்பத்துக்கு உயிர் வந்துவிடும்.

எண்களில் எங்கே ஓட்டை?

எண் காட்டிவிட்டால் மட்டும் போதாது. ஆய்வாளர் மூன்று இடங்களில் தட்டிப் பார்ப்பார்.

முதலாவது, ஒப்பீடு நியாயமானதா? 2 கிராம் சிலிக்கோனோடு 2 கிராம் அமிலம் சேர்த்த கலவையை, 2 கிராம் சிலிக்கோனோடு மட்டும் ஒப்பிட்டால் கலவை ஜெயிப்பதில் ஆச்சரியமில்லை. 4 கிராம் சிலிக்கோனே அதே வேலையைச் செய்திருக்கலாமே! மொத்த அளவு சமமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, கேட்பது எவ்வளவு, காட்டுவது எவ்வளவு? 0.1 முதல் 10 சதவீதம் வரை உரிமை கேட்டுவிட்டு, 2 சதவீதத்தில் மட்டும் சோதனை முடிவு கொடுத்தால், மீதி இடங்களிலும் அந்த விளைவு வரும் என்று எப்படி நம்புவது? உரிமை கோரும் வரம்பைச் சுருக்கச் சொல்வார்கள்.

மூன்றாவது, எந்தப் பிரச்னை தீர்ந்தது? நுரை அடங்கியது கண்ணுக்குத் தெரியும். ஆனால் துணியில் ஒட்டியிருந்த சலவைப் பொருள் போய்விட்டதா? நுரை இல்லை என்பதும் சோப்பு இல்லை என்பதும் ஒன்றல்ல. 'ஒரே அலசலில் சுத்தம்' என்று வாதிட்டால், துணியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற அளவீடும் வேண்டும்.

ஆய்வாளருக்கும் கடிவாளம் உண்டு

விடை தெரிந்த பிறகு எந்த விடுகதையும் சுலபம்தான். கண்டுபிடிப்பைப் படித்துவிட்டு, 'இதுல என்ன இருக்கு?' என்று கேட்பது ஆய்வாளர்கள் விழக்கூடிய பொறி.

அதனால்தான் 2022-இல் அக்ரிபோர்டு இன்டர்நேஷனல் வழக்கில், வெறுமனே 'இது வெளிப்படையானது' என்று எழுதி நிராகரிக்கக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் கூறியது. பழைய ஆவணத்தில் என்ன இருக்கிறது, விண்ணப்பத்தில் என்ன இருக்கிறது, முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தேர்ந்தவர் எப்படி வந்துசேர்வார் - இந்த மூன்றையும் கன்ட்ரோலர் விளக்க வேண்டும்.

நிராகரிக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். இதற்கென இருந்த மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டுவிட்டது.

இதுல நமக்கு என்ன?

கதவை அகலத் திறந்துவிட்டால், பழைய பொருள்களைப் புதிய விகிதத்தில் கலந்த ஒவ்வொருவரும் உரிமை கொண்டாடுவார்கள். வீட்டிலேயே சலவைத் திரவம் தயாரித்து விற்கும் சுயஉதவிக் குழுவுக்கும் சிறு தொழிற்கூடத்துக்கும் வக்கீல் நோட்டீஸ் வரும், விலையும் ஏறும். கதவை இறுக மூடினால், தண்ணீரை உண்மையிலேயே மிச்சப்படுத்தும் கலவைக்காகப் பல ஆண்டுகள் செலவழிக்க யாரும் முன்வர மாட்டார்கள்.

இதில் பொதுமக்களுக்கும் இடம் உண்டு. விண்ணப்பம் வெளியானதிலிருந்து காப்புரிமை வழங்கப்படும்வரை, 25(1) பிரிவின் கீழ் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு தெரிவிக்கலாம். 2024 திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் கட்டணம் உண்டு; எதிர்ப்பை ஏற்க முகாந்திரம் இருக்கிறதா என்று கன்ட்ரோலர் முதலில் பார்ப்பார். வழங்கப்பட்ட பிறகும், சம்பந்தப்பட்டவர்கள் ஓராண்டுக்குள் எதிர்க்கலாம். விண்ணப்பங்களையும் ஆய்வு அறிக்கைகளையும் காப்புரிமை அலுவலகத்தின் 'இன்பாஸ்' தேடுதளத்தில் இலவசமாகப் படிக்க முடியும்.

கடைசியாக ஒன்று. பாட்டிலில் 'காப்புரிமை பெற்றது' என்று போட்டிருந்தால் அது தரச் சான்றிதழோ பாதுகாப்புச் சான்றிதழோ அல்ல. சட்டத்தின் தேர்வுகளில் அந்தக் கலவை தேறியிருக்கிறது, அவ்வளவுதான். 'விண்ணப்பித்துள்ளோம்' என்றால் தேர்வே இன்னும் முடியவில்லை என்று பொருள். உரிமை இல்லாமலே இருப்பதாகப் போட்டுக்கொள்வது 120-வது பிரிவின்படி அபராதத்துக்குரியது.