வழிவிடும் பாலம்

திருத்தணி வட்டாரத்தில் பாயும் கொசத்தலையாற்றில் ஆண்டின் பெரும்பகுதியும் மணலே தெரியும். அத்தகைய ஆற்றின்மீது பாலம் அமைப்போர், மழைக்கால வெள்ளம் எவ்வளவு உயரும் என்பதைக் கணக்கிட்டுத் தூண்களை நிறுத்தி, அவற்றின்மேல் தளத்தைப் பரப்பினால் போதும். கப்பல் வருமே என்ற கவலை அவர்களுக்கு இல்லை. மண்டபத்திற்கும் பாம்பன் தீவிற்கும் இடைப்பட்ட கடற்பகுதியின் நிலை வேறு. அதன் குறுக்கே தொடர்வண்டி செல்ல வேண்டும். அதன் ஊடே படகுகளும் சிறு கப்பல்களும் மன்னார் வளைகுடாவிற்கும் பாக் விரிகுடாவிற்கும் இடையே போய்வர வேண்டும். இரு வழிகள் குறுக்கிடும் இடத்தில் ஒன்று மற்றொன்றுக்கு வழிவிட்டாக வேண்டும் அல்லவா?

இச்சிக்கலை உலக நாடுகள் இருவகையில் தீர்த்துள்ளன. ஒன்று, கப்பலின் பாய்மரமும் தொடாத உயரத்தில் பாலத்தை அமைப்பது. 1937இல் சான் பிரான்சிஸ்கோவில் திறக்கப்பட்ட கோல்டன் கேட் தொங்குபாலம் இவ்வகையைச் சார்ந்தது. மற்றொன்று, கப்பல் வரும்போது பாலமே விலகிக்கொள்வது. 1894இல் இலண்டனில் திறக்கப்பட்ட டவர் பாலத்தின் நடுப்பகுதி இரண்டு கதவுகளைப் போல மேல்நோக்கித் திறக்கும். பாம்பனுக்கு முதல்வழி பொருந்தவில்லை. தொடர்வண்டியால் செங்குத்தான ஏற்றத்தில் ஏற இயலாது. கரையோ தாழ்ந்த சமநிலம். உயரமான பாலம் கட்ட வேண்டுமெனில், கரையிலிருந்தே நெடுந்தொலைவிற்குச் சரிவுப்பாதை அமைத்தாக வேண்டும். எனவே, விலகும் பாலமே தேர்ந்தெடுக்கப்பட்டது.

1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட அப்பாலம், இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளமுடையது. அதன் பெரும்பகுதி எளிய அமைப்பே: கடலில் வரிசையாகத் தூண்கள், தூண்களின்மேல் இரும்பு உத்திரங்கள், உத்திரங்களின்மேல் தண்டவாளம். வியப்புக்குரியது நடுவிலுள்ள தூக்குப்பாலம். அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் ஷெர்சர் உருவாக்கிய முறையில் அமைந்த அதன் இரு சிறகுகளும் கீல் கதவுகளைப்போல ஓர் அச்சில் சுழல்வதில்லை. ஒவ்வொரு சிறகின் அடிப்பகுதியும் வட்டத்தின் ஒரு பகுதிபோல வளைந்திருக்கும். குழந்தைகள் ஏறி ஆடும் மரக்குதிரையின் அடிக்கட்டையை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். அவ்வளைவின்மீது சிறகு பின்னோக்கி உருளும்போது அதன் முனை மேலெழும்; உடன் கால்வாயைவிட்டு விலகவும் செய்யும். பின்புறத்தில் பொருத்தப்பட்ட எதிர் எடை, சிறகின் எடையைத் தராசுத் தட்டுபோலச் சமன்செய்கிறது. ஆகவே, சிறகைத் தூக்கும் ஆற்றல் தேவையில்லை. உராய்வையும் காற்றையும் வெல்லும் ஆற்றலே போதும். நூற்றுக்கணக்கான டன் இரும்பைத் தொழிலாளர்கள் சிலர் நெம்புகோல்களைச் சுற்றியே திறந்து மூடியதன் மறைபொருள் இதுதான். மின்சாரம் எட்டாத கடல்நடுவில் இதனினும் சிறந்த தீர்வு அன்று இருந்திருக்க முடியாது.

1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணியர் தொடர்வண்டி, தனுஷ்கோடியை நெருங்கும் வேளையில் பேரலையால் அடித்துச் செல்லப்பட்டது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட உத்திரங்களைக் கடல் பறித்துக்கொண்டது. எனினும், அசையும் உறுப்பாகிய தூக்குப்பாலம் நிலைத்து நின்றது. சீரமைப்புக்கு ஆறு மாதக் காலம் குறிக்கப்பட்டது. இளம் பொறியாளராகிய இ. ஸ்ரீதரனின் பொறுப்பில் அப்பணி 46 நாள்களில் நிறைவுற்றது. கடலில் வீழ்ந்து கிடந்த உத்திரங்களைத் தேடி மீட்டு, மீண்டும் தூண்களின்மேல் ஏற்றியதே இவ்விரைவுக்குக் காரணம். பாலம் மீண்டது, தனுஷ்கோடிக்குச் சென்ற இருப்புப்பாதை மீளவில்லை.

1988இல் திறக்கப்பட்ட இந்திரா காந்தி சாலைப்பாலம், முன்னர்க் கைவிடப்பட்ட முதல்வழியையே மேற்கொண்டது. பேருந்தும் சரக்குந்தும் ஏற்றத்தில் ஏறக்கூடியவை. ஆதலால், அப்பாலம் நடுவில் உயர்ந்து நின்று தன் அடியில் கப்பல்களுக்கு இடமளிக்கிறது. ஒரே கடலுக்கு இருவேறு விடைகள் அருகருகே நிற்கும் இக்காட்சி, கட்டடக்கலை பயில்வோர் நேரில் காணத்தக்கது.

புயல் என்றோ வருவது. உப்புக்காற்றோ நாள்தோறும் இரும்பை அரிப்பது. துருவைச் சுரண்டி வண்ணம் பூசும் பணி ஓயாமல் நடந்தும் பழைய பாலம் தளர்ந்தது. 2022 டிசம்பரில் அதன்மீது தொடர்வண்டிப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதன் அருகிலேயே எழுப்பப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் அரிப்பைத் தடுக்கும் சிறப்பு வண்ணப்பூச்சும் இதில் பயன்படுத்தப்பட்டுள்ளன. இதன் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி சிறகுகளாகப் பிரிவதில்லை. இருபுறக் கோபுரங்களுக்கு இடையே, கிணற்று வாளியைப்போல, கிடைமட்டமாகவே 17 மீட்டர் மேலெழுகிறது. மின்பொறிகள் அதனை இயக்குகின்றன. எதிர் எடை என்னும் பழைய உத்தி இங்கும் தொடர்கிறது.

வானை நோக்கித் திறந்த பழைய சிறகுகள் கப்பலின் உயரத்திற்கு எல்லை வகுக்கவில்லை. புதிய பாலமோ, முழுதும் உயர்ந்த நிலையிலும் கடல்மட்டத்திலிருந்து 22 மீட்டர் இடைவெளியே தருகிறது. இதனைக் குறை எனக் கொள்ள வேண்டியதில்லை. பக்கத்திலுள்ள சாலைப்பாலத்தின் அடியில் எவ்வளவு உயரமான கப்பல் நுழைய முடியுமோ, அவ்வளவு உயரத்திற்கே இதுவும் வழிவிடுகிறது.