வெளிநாட்டுப் படிப்பு – 9: மறுப்புக் கடிதம் வந்த பிறகு

மாணவர் விசா கிடைக்கவில்லை என்றதும் சிதம்பரத்திலும் கடலூரிலும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, “அப்பீல் பண்ணலாமா சார்?” என்பதுதான். எந்த நாடு மறுத்தது, விண்ணப்பித்தபோதும் மறுப்பு வந்தபோதும் பிள்ளை எங்கே இருந்தார் என்பவற்றைப் பொறுத்தே இதற்குப் பதில் சொல்ல முடியும்.

ஆஸ்திரேலியாவில் மைக்கேல் நைட் அளித்த பரிந்துரையை ஒட்டி, 2011 நவம்பரில் ஒரு சோதனை வந்தது. மாணவர் உண்மையிலேயே தற்காலிகமாகத்தான் வருகிறாரா என்று அதிகாரி எடைபோடுவார். ஊரிலுள்ள குடும்பம், சொத்து, வேலை வாய்ப்பு, படிப்பில் விழுந்த இடைவெளி எல்லாம் கணக்கில் வரும். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, நாளைக்குத் தன் மனம் எப்படி இருக்கும் என்பதற்கு இன்றைக்கே என்ன சாட்சி காட்டுவது? அது நியாயமான கேள்வி இல்லை என்பதே என் கருத்து. 2024 மார்ச் 23 முதல் அது போய், ‘உண்மையான மாணவரா’ என்ற சோதனை வந்துவிட்டது. படித்து முடித்தபின் அங்கேயே தங்க விண்ணப்பிக்கும் எண்ணம் இப்போது தன்னளவில் குற்றமில்லை. ஆனால் குடும்பச் சூழல் என்ன, ஏன் இந்தப் படிப்பு என்ற கேள்விகள் அப்படியே இருக்கின்றன.

ஆஸ்திரேலியாவில் இருந்துகொண்டே விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர் 28 நாட்களுக்குள் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 2024 அக்டோபர் 14 முதல் இயங்கும் அமைப்பு அது. புதிய ஆதாரங்களையும் ஏற்று வழக்கை முதலிலிருந்து பார்ப்பார்கள். தீர்ப்புச் சொல்லும் நாளில் கல்லூரிச் சேர்க்கை உயிரோடு இருக்க வேண்டும். வழக்கு நடக்கிறதே என்று படிப்பை விட்டவர்கள் அந்த இடத்திலேயே தோற்றுப்போகிறார்கள்.

சிதம்பரத்திலிருந்து விண்ணப்பித்தவருக்குப் பொதுவாக இந்தக் கதவு கிடையாது. சட்டப் பிழை இருந்தால் அங்குள்ள நீதிமன்றம், அது பெருஞ்செலவு. மற்றபடி மறுபடியும் 2,000 டாலர் கட்டிப் புது விண்ணப்பம்தான்.

நகையை அடகு வைத்துக் கட்டும் பணம் அது. பழைய விண்ணப்பத்தில் எழுதியதையே திருப்பி அனுப்பாதீர்கள். மறுப்புக் கடிதத்தில் உள்ள ஒவ்வொரு காரணத்துக்கும் பதில் எழுதுங்கள். பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்தவர் வணிக டிப்ளமோவுக்குப் போனால் ஏன் என்று கேட்கத்தான் செய்வார்கள். நீருயிர் வளர்ப்பில் மேற்படிப்பு என்றால், நம் கடற்கரையின் இறால் பண்ணைகளில் அது எந்த வேலைக்கு உதவும், என்ன சம்பளம் கிடைக்கும் என்று எழுதலாம். வெறும் பட்டா, சிட்டா நகல்கள் இதைச் சொல்லாது. முந்தைய மறுப்பை மறைக்கக் கூடாது. பொய் ஆவணம் கண்டுபிடிக்கப்பட்டால் மூன்று ஆண்டுகள் வரை தடை விழும்.

அமெரிக்காவில் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவின்கீழ் மறுத்தால் அப்பீலே இல்லை. மீண்டும் விண்ணப்பிக்க வேண்டியதுதான். கனடா மறுத்தால் இங்கிருந்தபடியே 60 நாட்களுக்குள் அங்குள்ள ஃபெடரல் நீதிமன்றத்தை நாடலாம். வழக்கை எடுத்துக்கொள்ள முதலில் நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும். ஜெயித்தாலும் நீதிமன்றம் விசா தராது. கோப்பு பொதுவாக வேறொரு அதிகாரியிடம் போகும். அந்தக் கோப்பில் அதிகாரி எழுதிவைத்த குறிப்புகளைக் கேட்டு வாங்கும் முறையை அடுத்த வாரம் பார்ப்போம்.