நான்கே மில்லிமீட்டர்

தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் கடலை மிட்டாயும் பேனாவும் விற்கும் பார்வையற்றவர்களுக்கு நோட்டின் நீளம்தான் அதன் மதிப்பு. பழைய காந்தி நோட்டுகளில் அது எளிது. நூறு ரூபாய் 157 மில்லிமீட்டர், ஐந்நூறு 167, ஆயிரம் 177. மதிப்பு ஏற ஏற நீளமும் ஒரு சென்டிமீட்டர் ஏறும். விரலுக்கு அது போதும்.

2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றார்கள். இந்தக் கணக்கும் அவற்றோடு போயிற்று. புதிய ஐந்நூறின் நீளம் 150. 2017-இல் வந்த இருநூறு 146. 2018-இல் வந்த ஊதா நூறு 142. வித்தியாசம் நான்கே மில்லிமீட்டர், நோட்டின் முனை மடங்கினால் காணாமல் போகிற அளவு. இதில் இன்னொரு கூத்து: பழைய நூறும் செல்லும், அது புதிய ஐந்நூறைவிட நீளம்!

பணத்தை மாற்றும் நாடெல்லாம் இப்படிச் செய்வதில்லை. துருக்கி 2005-இல் லிராவிலிருந்து ஆறு சைபர்களை வெட்டியது. பத்து லட்சம் பழைய லிராவுக்கு ஒரு புதிய லிரா. ஆனாலும் மக்கள் குழம்பக் கூடாதென்று பெரும்பாலும் பழைய படங்களையே வைத்துக்கொண்டார்கள். இங்கே ஒரு சைபர்கூடக் குறையவில்லை. நிறம், படம், அளவு மூன்றும் மாறின. புது அளவுக்கு ஏடிஎம்களைத் திருத்தி முடிப்பதற்குள் ஜனங்கள் வரிசையில் நின்று களைத்தார்கள்.

பாதுகாப்பு அம்சங்களில் பாதிக்குமேல் கண்ணுக்கானவை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஐந்நூறு வாங்கும் கடைக்காரர் அதைச் சற்றே சாய்த்தால் போதும், பச்சை இழை நீலமாகும். ஜெராக்ஸில் இந்த வித்தை வராது. அது பதிப்பது ஒரே நிறத்தை. வெளிச்சத்தில் பிடித்தால் காந்தியின் நீர்க்குறி தெரியும். வரிசை எண்ணின் இலக்கங்கள் இடமிருந்து வலமாகப் பெருத்துக்கொண்டே போகும்.

விரலுக்கென்று இருப்பது மேடான அச்சு. செதுக்கிய தகட்டில் மையை நிரப்பி, பெரும் அழுத்தத்தில் தாளை அமுக்கும்போது மை புடைத்து நிற்கும். நூறில் முக்கோணம், ஐந்நூறில் வட்டம். ஓரங்களில் நூறுக்கு நான்கு சாய்கோடுகள், ஐந்நூறுக்கு ஐந்து. புது நோட்டில் நன்றாகவே தட்டுப்படும். ஆனால் ரயிலில் கைமாறுவது பெரும்பாலும் வியர்வையில் நைந்த நோட்டு. அதில் மேடு தேய்ந்துவிடுகிறது.

2020-இல் ரிசர்வ் வங்கி ‘மணி’ என்ற செயலியைக் கொண்டுவந்தது. கேமராவில் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்லும், இணையம் வேண்டாம். நல்ல நோட்டா கள்ள நோட்டா என்பதை மட்டும் சொல்லாது. சானடோரியம் ஸ்டேஷன் வருவதற்குள் மீதிச் சில்லறை கொடுத்தாக வேண்டியவருக்கு, ஒரு கையில் கம்பியும் மறுகையில் சரக்குமாக நிற்கையில், போனை எடுக்க மூன்றாவது கை வேண்டும்.