கோலார்ச் சுரங்கமும் கோகுமேனன் கிரகமும்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சூரியனைச் சுற்றிவரும் எண்ணற்ற சிறு கிரகங்களுள் ஒன்றிற்கு 7564 கோகுமேனன் என்று பெயர். ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாராய்ச்சி நிலையத்தில் ஆர். ராஜமோகன் 1988-ஆம் ஆண்டு இதனைக் கண்டுபிடித்தார்.

சிறு கிரகம் தொலைநோக்கியிலும் வெறும் ஒளிப்புள்ளியே. வானத்தின் ஒரே பகுதியைச் சிறிது நேரம் விட்டு இருமுறை படமெடுத்தால், நட்சத்திரங்கள் நின்ற இடத்தில் நிற்க, இப்புள்ளி மட்டும் நகர்ந்திருக்கும். அதன் பாதை ஐயமற உறுதியான பின்னரே நிரந்தர எண் வழங்கப்படும். பெயரை முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்கு உண்டு; சர்வதேச வானவியல் சங்கத்தின் குழு அதனை ஏற்றல் வேண்டும். இக்கிரகம் பெயர் பெற்றது 2008-இல்தான்.

பெயருக்குரியவர் பௌதிக விஞ்ஞானி எம். ஜி. கே. மேனன் (1928–2016), நண்பர்களுக்குக் ‘கோகு’. விண்ணிலிருந்து வருவதை ஆராய அவர் குழுவினர் நாடிய இடமோ கோலார் தங்கவயலின் பாதாளம்! காஸ்மிக் கதிர்கள் காற்றுமண்டலத்தைத் தாக்குகையில் பிறக்கும் பலவகைத் துகள்களில் நியூட்ரினோ மிக அரிதாகவே பொருளுடன் மோதும். தரைமட்டத்தில் ஏனைய துகள்களின் இரைச்சலில் அது புலப்படாது. எனவே சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், பாறையையே வடிகட்டியாகக் கொண்டு, கருவிகள் வைக்கப்பட்டன. பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாருடன் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் உழைத்தனர். மேலிருந்து வரும் துகள்கள் பாறையை ஊடுருவியும் வந்திருக்கலாம். பக்கவாட்டில் வந்தவை நியூட்ரினோவின் மோதலால் பிறந்தனவாகவே இருத்தல் வேண்டும். அத்தகையவற்றை 1965-இல் கண்டனர். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றிலும் மற்றொரு குழு இதனைக் கண்டது.

இவ்வாழத்தை முதலில் குடைந்தது தங்கத்திற்காகவே. குடைந்தோரில் பெரும்பாலோர் வட ஆற்காட்டுப் பகுதியிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர். சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது.