புல்லுக்கு அடியில் ஓர் ஊர்: காலி செய்தது கொள்ளைநோயா, மனிதர்களா?

இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் சில மேய்ச்சல் நிலங்கள் சமமாக இருப்பதில்லை. முழங்கால் உயர மேடுகளும் நீண்ட பள்ளங்களுமாகக் கிடக்கும். உச்சி வெயிலில் பார்த்தால் வெறும் புல்தரைதான். மாலை வெயில் சாய்ந்து விழும்போது மேடுகளின் நிழல் நீண்டு, தெரு, மனை, கொல்லை என ஓர் ஊரின் வரைபடமே கண்முன் வந்துவிடும்.

இவை இடைக்கால ஊர்களின் மிச்சங்கள். சில ஊர்கள் அடியோடு காலியாகிவிட்டன. அப்படிப்பட்டவை மட்டும் சுமார் 3,000 என ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். வேறு சில ஊர்கள் சுருங்கிப்போயின. ஒரு கோடியில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். மறுகோடியில் அன்றைய வீடுகள் இருந்த இடத்தில் புல் முளைத்திருக்கிறது.

மேடும் பள்ளமும் சொல்வது என்ன?

நீண்டு செல்லும் பள்ளம் பழைய தெரு. பல நூறு ஆண்டுகள் மனிதர்களும் மாடுகளும் வண்டிகளும் நடந்து நடந்து தேய்ந்து, மழைநீர் அரித்து, பக்கத்து நிலத்தைவிடத் தாழ்ந்துவிட்டது. அதன் இருபுறமும் உள்ள சதுர மேடைகள் வீட்டு மனைகள். பின்னால் தாழ்ந்த மண்கரையால் சூழப்பட்ட நீளமான துண்டுகள் கொல்லைகள்.

ஊருக்கு வெளியே வரிவரியாகத் தெரியும் மேடுகள் வயல்கள். அக்காலக் கலப்பை மண்ணை ஒரே பக்கமாகப் புரட்டியது. ஆண்டுதோறும் அதே முறையில் உழுததால் நடுவில் மண் குவிந்து மேடானது. எருதுக் கூட்டத்தை வயலின் முனையில் திருப்ப இடம் தேவைப்பட்டதால், பல வரிகள் நேராக இல்லாமல் இலேசாக வளைந்திருக்கும்.

வாரம் பெர்சி

இவற்றில் மிக விரிவாக ஆராயப்பட்டது யார்க்‌ஷயரில் உள்ள வாரம் பெர்சி. 1948-ல் வரலாற்றாசிரியர் மாரிஸ் பெரஸ்ஃபோர்டு அங்கு சென்றார். பின்னர் தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்டும் இணைந்தார். 1950 முதல் 1990 வரை கோடைதோறும் அகழாய்வு நடந்தது. இன்று அங்கே தரைக்கு மேலே எஞ்சி நிற்கும் முக்கியமான கட்டடம், கூரையில்லாத ஒரு தேவாலயம்.

இந்த ஊர் ஏன் அழிந்தது என்று கேட்டால், பலரும் சட்டென்று சொல்லும் பதில் கொள்ளைநோய். 1348-ல் இங்கிலாந்தை அடைந்த பிளேக், மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை பலிகொண்டது. அதே நோய் முஸ்லிம் உலகையும் உலுக்கியது. வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் துனிஸ் நகரில் தம் பெற்றோரையும் ஆசிரியர்கள் பலரையும் அதில்தான் இழந்தார். பிற்காலத்தில் தம் 'முகத்திமா'வில், அந்த நோய் ஊர்களையும் கட்டடங்களையும் வெறுமையாக்கிச் சமூகங்களையே மாற்றிவிட்டதைப் பதிவு செய்தார்.

ஆனால் வாரம் பெர்சியின் ஆவணங்கள் வேறு கதை சொல்கின்றன. நோய் தாக்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 1368-ல், அங்கே சுமார் 30 வீடுகளில் மக்கள் இருந்தார்கள். 1458-ல் அது 16 ஆனது. கடைசிக் குடும்பங்கள் வெளியேறியது 1500-ஐ ஒட்டித்தான். அதாவது, நோய் வந்துபோன பின்னும் ஒன்றரை நூற்றாண்டு அந்த ஊர் உயிரோடு இருந்தது.

பிறகு நடந்தது என்ன?

நோயால் ஆட்கள் குறைந்ததும் கூலி உயர்ந்தது. நல்ல நிலம் வேறிடங்களில் கிடைத்ததால் குடியானவர்கள் ஒவ்வொருவராக இடம்பெயர்ந்தார்கள். ஊர் சுருங்கியது. இது முதல் கட்டம்.

இரண்டாம் கட்டத்தைத் தீர்மானித்தவர்கள் நில உரிமையாளர்கள். தானியத்தைவிடக் கம்பளி அதிக லாபம் தந்தது. உழவுக்குப் பல குடும்பங்கள் தேவை. ஆட்டு மந்தைக்கு ஓர் இடையரே போதும். எஞ்சியிருந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன, வீடுகள் இடிக்கப்பட்டன, வயல்கள் மேய்ச்சல் நிலமாயின. இங்கிலாந்தின் பல ஊர்களில் இதுவே நடந்தது. ஊர்கள் காலியாவதைத் தடுக்க 1489-ல் சட்டம் இயற்றப்பட்டது. 1517-ல் அரசு விசாரணைக்குழுவும் அமைக்கப்பட்டது. ஆனால் வெளியேறிய குடும்பங்களுக்கு அவை காலம் கடந்து வந்த உதவிதான்.

இதில் ஒரு முரணும் உண்டு. மக்களை விரட்டிய அதே ஆட்டு மேய்ச்சல்தான் அந்த மண்மேடுகளை இன்றுவரை காப்பாற்றியது. மேய்ச்சல் நிலமாகவே விடப்பட்டதால் கலப்பை அங்கே நுழையவில்லை. மற்ற இடங்களில் 20-ஆம் நூற்றாண்டின் டிராக்டர் உழவு எத்தனையோ ஊர்களின் தடங்களைச் சில நாட்களிலேயே சமன் செய்துவிட்டது. அப்படி அழிந்தவற்றை இனி யாராலும் வாசிக்க முடியாது.

நோய் இறைவனின் நாட்டம். அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நோய்க்குத் தப்பிய ஏழையை அவன் வீட்டிலிருந்து வெளியேற்றியது மனிதனின் முடிவு. இரண்டையும் ஒன்றாகக் கலந்து 'பிளேக்கில் அழிந்த ஊர்' என்று சொல்லிவிட்டால் அந்த அநீதி மறைந்துபோகும். எந்த ஊர் காலியானது என்று கேள்விப்பட்டாலும், நாம் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: மக்கள் போன பிறகு அந்த நிலத்தால் பயனடைந்தவர் யார்?